பெயருக்குப் பிறகு மூன்று மூச்சு

அன்றைக்குக் கோண்டாவில் மில் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், நின்றவர்கள் மொத்தம் ஆறு பேர். நான். ஓட்டோக்காரச் செல்வம். பின்சீற்றில் துண்டுப்பிரசுரக் கட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்த தர்சினி. அவள் கம்பஸில், பல்கலைக்கழகத்தில், கடைசி வருடம்; பருத்தித்துறைப் பிள்ளை. மில்காரர் நடராசா. மிளகாய் அரைக்க வந்திருந்த இரண்டு பெண்கள். ஒருவர் புவனம். மற்றவரின் பெயரைப் பிறகு விசாரித்து அறிந்துகொண்டேன்: மங்களேஸ்வரி. செத்தவீடுகளுக்குப் பந்தலும் கதிரையும் வாடகைக்குக் கொடுக்கும் பந்தல்காரத் தவராசா அரை மணித்தியாலம் கழித்துத்தான் வந்தார். ஆகவே அவரை இந்தப் பட்டியலில் சேர்க்கமுடியாது.

ஒருவரும் விடுபடக்கூடாது என்பது என் தொழில் கற்றுத்தந்த பயம். இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு மரண அறிவித்தல் சொல்கிறவன். கொழும்புத்துறையிலிருந்து கோண்டாவில்வரை யார் கண்ணை மூடினாலும் அடுத்த நாள் காலையில் என் குரல் கேட்கும்.

இன்றைக்கு அந்த ஒழுங்கையை எழுதக் காரணம், நேற்று எனக்கு ஒரு பட்டியல் வந்தது. இந்த வருடப் பங்குனி மாலைகள் கம்பஸில் தொடங்கப்போகின்றன. முதல் நாள் கூத்து, இரண்டாம் நாள் பாட்டுக் கச்சேரி, மூன்றாம் நாள் பெரிய தொலைநோக்கி வைத்துச் சந்திரன் காட்டுகிறார்கள். மூன்றுக்கும் ஊர்ச் சனம் போகலாம், காசில்லை.

மூன்றும் ஊர்ச் சனத்துக்கு என்று ஆன கதைதான் இது.

பதினொரு பேர்

சில வருடங்களுக்கு முன் ஒரு பின்னேரம் தர்சினி என் வீட்டுப் படலையில் வந்து நின்றாள். யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். என் படலையில் நிற்கிறவர்கள் வேறெதற்கும் வருவதில்லை. கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"எப்ப பிள்ளை நடந்தது?"

"இன்னும் நடக்கேல்லை ஐயா. வாற வெள்ளிக்கிழமைதான்."

நான் கொப்பியை மூடிவிட்டேன். பிறகு அவள் இருந்து விளங்கப்படுத்தினாள். கம்பஸில் பிள்ளைகள் மூன்று மாலை நிகழ்ச்சி செய்யப் போகிறார்கள். ஊர்ச் சனத்தையும் உள்ளே விடவேண்டும் என்று மேலிடத்தில் கேட்டு வாங்கியவள் இவள்தான். அனுமதி கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார்கள்.

"முன்னூறு கதிரை போடுறம் ஐயா. முதல் மாலை வெளியாக்கள் வந்து அதை நிரப்பவேணும். இல்லையெண்டால் மற்ற ரெண்டும் எங்களுக்குள்ளைதான், கேற் பூட்டு."

"முந்தின முறை எத்தினை பேர் வந்தவை?"

"வெளியாக்கள் பதினொரு பேர்."

"பதினொண்டோ?"

"அதிலையும் நாலு பேர் மழைக்கு ஒதுங்கினவை."

போஸ்டர் ஒட்டினார்களாம், முகநூலில் போட்டார்களாம், ஒருவரும் அசையவில்லையாம். என் குரலுக்குத்தான் சனம் வீட்டைவிட்டு வெளியே வருகிறது என்று செல்வம் சொல்லியிருக்கிறான்.

"அது செத்தவீட்டுக் குரல், பிள்ளை."

"குரல் குரல்தானே ஐயா."

சரி, ஓம் என்று தலையாட்டிவிட்டேன். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. மழை வந்தால்? பற்றறி இறங்கினால்? முன்னூறு கதிரையும் வெறுங்கதிரையாகக் கிடந்து, அந்தப் பிள்ளை அதன் நடுவில் நின்றால்? என் மனைவி பவளம் கறிச்சட்டியை மூடிக்கொண்டு சொன்னாள்: "உங்களுக்குச் சோறு வேகாதோ எண்டும் பயம், வெந்தால் குழைஞ்சுபோமோ எண்டும் பயம். ஓம் எண்டு சொல்லிப்போட்டு வந்தனீங்கள், போய்ச் செய்யுங்கோ."

இன்னொரு பயமும் இருந்தது, அதை அவளுக்குச் சொல்லவில்லை. அந்தக் கம்பஸ் வாசலைத் தாண்டி எத்தனை ஆயிரம் தரம் ஓட்டோவில் போயிருப்பேன். ஒருநாளும் உள்ளே கால் வைத்ததில்லை. வாசலில் யாராவது இங்கிலிசில் ஏதும் கேட்டால் என்ன செய்வது?

விடுபட்ட மருமகன்

நான் படித்தது எட்டாம் வகுப்பு. அதுவும் பாதி. அந்த வருடம் சண்டையில் இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது என்னோடு படித்தவர்கள் பத்தாம் வகுப்பில் இருந்தார்கள். மீசை அரும்பின முகத்தோடு எட்டில் போய் இருக்க வெட்கமாக இருந்தது. ஒருநாள் வெட்கப்பட்டு வீட்டில் நின்றேன். அந்த ஒருநாள் இன்னும் முடியவில்லை.

ஆனால் எழுதுவதை விடவில்லை. என்னிடம் பதினேழு கொப்பிகள் இருக்கின்றன. அவ்வளவும் குடும்பங்கள்.

அதற்குக் காரணம் இணுவிலில் ஒரு செத்தவீடு. தொழில் தொடங்கின புதிதில், ஆறு மருமக்களில் ஒருவரின் பெயரை வாசிக்காமல் விட்டுவிட்டேன். மூன்றாவது மருமகன். பிரேதம் எடுக்கிற நேரம் வந்தது. மனிதர் கையைக் கட்டிக்கொண்டு மாமரத்தடியில் நிற்கிறார். "நான் இந்த வீட்டு மருமோன் இல்லையாம். ஊரெல்லாம் சொல்லிப்போட்டாங்கள். நான் ஏன் தோள் குடுக்கவேணும்?"

கடைசியில் நான் ஓட்டோவில் ஏறி, ஊர் முழுக்க ஒருதரம் சுற்றி, அவருடைய பெயரை மட்டும் தனியாகச் சொல்லிவிட்டு வரும்வரைக்கும் பாடை எழும்பவில்லை.

அன்றிலிருந்து யாருடைய அறிவித்தலைச் சொன்னாலும் முழு விபரத்தையும் கொப்பியில் எழுதிவைத்துவிடுவேன். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், வெளிநாட்டில் இருப்பவர்கள் எந்த நாடு, எல்லாம். எங்கள் ஆட்கள் செத்தவரின் பெயரைக் கேட்டு வெளியே வருவதில்லை. இன்னாரின் மகன், இன்னாரின் மைத்துனர் என்று வரும்போதுதான் கை வேலையைப் போட்டுவிட்டுக் காது கொடுப்பார்கள். "அட, எங்கடை சறோவின்ரை மாமா!" என்று யாராவது சொன்ன பிறகுதான் அந்த மனிதர் உண்மையாகச் செத்தவர் ஆகிறார்.

தொழிலில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. உறவுமுறை எல்லாம் சொல்லிக் கடைசியில் பெயரைச் சொன்னவுடன் நிறுத்திவிடவேண்டும். மூன்று மூச்சு. அடுப்படியில் நிற்பவர் வாசலுக்கு வந்துசேர அவ்வளவு நேரம் வேண்டும். அவர்கள் வந்து நின்ற பிறகுதான் "காலமானார்" என்ற சொல்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லீசிங்காரரோ?

முதல் நாள் காலை கொழும்புத்துறையில் தொடங்கினோம். பங்குனி வெயில். வேப்பம்பூ கொட்டி ஓட்டோக் கூரையெல்லாம் பொடியாகக் கிடந்தது. தர்சினி எழுதித்தந்த வாசகத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசித்தேன்.

"இளவேனிலின் இனிய பொழுதுகளைக் கலைகளால் அலங்கரிக்க, பொதுமக்கள் அனைவரையும் அன்புடன் அழைக்கின்றோம்..."

ஒரு சனமும் திரும்பிப் பார்க்கவில்லை. கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் தலையை நிமிர்த்தினார். எனக்குச் சந்தோசம்.

"என்ன அண்ணை, லீசிங்காரரோ?"

"இல்லைத் தம்பி, கம்பஸிலை நிகழ்ச்சி."

"ஓ. மோட்டச்சைக்கிளுக்குக் கடன் குடுக்கிற லீசிங் எண்டு நினைச்சன்." மறுபடி குனிந்துவிட்டார்.

அரியாலை, நல்லூர், திருநெல்வேலி. எங்கேயும் அதே கதை. மத்தியானம் ஆகும்போது தர்சினி துண்டுப்பிரசுரக் கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். கட்டு குறையவேயில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கமாட்டாமல் வாசகத்தை இன்னும் உரக்க வாசித்தேன்.

கோண்டாவில் மில் ஒழுங்கைக்குள் திரும்பியபோது எனக்கு ஒரு யோசனை. நடிக்கிற பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலில் 'நிலானி, கோண்டாவில்' என்று இருந்தது. எனக்குத் தெரிந்த பெயர். மில்காரர் நடராசாவின் மகள். நடராசாவின் தகப்பன் காலமானபோது அறிவித்தல் சொன்னவன் நான்தான். ஊர்ப்பிள்ளையின் பெயரைச் சொன்னால் யாராவது எட்டிப்பார்க்க மாட்டார்களா?

பன்னிரண்டாம் கொப்பியை விரித்தேன். அதில் எழுதியிருந்ததை வாசிக்கத் தொடங்கியதும் குரல் தன்பாட்டில் இறங்கிவிட்டது. வேறெப்படி அந்தக் கொப்பியை வாசிப்பது என்று எனக்குத் தெரியாது.

"கோண்டாவிலைச் சேர்ந்த, காலஞ்சென்ற மில்காரர் சின்னத்தம்பி அவர்களின் பாசமிகு பேத்தியும்... நடராசா, ராசேஸ்வரி தம்பதிகளின் அன்பு மகளும்... கனடாவில் வசிக்கும் நிரோசனின் அருமைத் தங்கையுமாகிய... செல்வி நிலானி அவர்கள்..."

நிறுத்தினேன். மூன்று மூச்சு.

முதல் மூச்சில் மில் நின்றது. இரண்டாவதில் புவனம் "ஐயோ, நிலானி!" என்று மிளகாய் வாளியைப் போட்டாள். மூன்றாவதில் மங்களேஸ்வரி தலையில் கை வைத்து ஒப்பாரியின் முதல் வரியை எடுத்துவிட்டாள். நடராசா தலைமுதல் கால்வரை சிவப்புத் தூளோடு வாசலுக்கு வந்து, படியில் அப்படியே இருந்தார்.

நான் மைக்கை மடியில் இறக்கிவிட்டு நடராசாவையே பார்த்தேன்.

"ஐயா, கதையுங்கோ!" தர்சினி பின்னால் இருந்து என் தோளைப் பிடித்து உலுப்பினாள். "மிச்சத்தைச் சொல்லுங்கோ! கெதியாச் சொல்லுங்கோ!"

மிச்சத்தைச் சொன்னேன். பதற்றத்தில் அதுவும் அதே குரலில்தான் வந்தது. "வருகின்ற வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணியளவில்... கம்பஸ் முற்றத்தில்... ராசாவாக நடிக்கிறார்... என்ற இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

ஒருவரும் நம்பவில்லை. மங்களேஸ்வரி இரண்டாவது வரிக்குப் போய்விட்டாள்.

தர்சினி இறங்கி ஓடி, போனில் படத்தோடு அழைப்பு எடுத்து, நடராசாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஒத்திகையில் நின்ற நிலானி திரையில் வந்தாள். தலையில் மட்டைக் கிரீடம். மூக்குக்குக் கீழே பாதி மீசை; மற்றப் பாதி கையில்.

"அப்பா?"

"உது ஆர்?"

"நான்தானப்பா."

"மீசையோடை?"

"ஒட்டு மீசையப்பா." அவள் குரல் சுருங்கிவிட்டது. கூத்துக்குப் போவதை வீட்டில் மறைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. "படிப்பைக் குழப்பேல்லையப்பா. ஏசாதேங்கோ."

"ஏசேல்லை. கதை."

"என்ன கதைக்கிறது?"

"என்னத்தையாவது கதை, மோனை. இன்னும் கொஞ்சம் கதை."

அவர் கண்ணைத் துடைத்தார். கை முழுக்க மிளகாய்த்தூள். பிறகு கண்ணீர் நிற்கவேயில்லை. எது எந்தக் கண்ணீர் என்று யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. புவனம் கிணற்றடிக்கு ஓடித் தண்ணீர் கொண்டுவந்தாள்.

முகம் கழுவிவிட்டு அவர் என்னிடம் வந்தார். அடி விழப்போகிறது என்று கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

"குணம், உனக்கு ரெண்டு போடவேணும் போலைதான் கிடக்கு. கையிலை இன்னும் தூள் இருக்கு. உன்ரை கண்ணிலை பட்டால் பாவம் எண்டு விடுறன்."

பிறகு படியில் இருந்து சிரிக்கத் தொடங்கினார். "செத்துப்போனாள் எண்டு நினைச்சவள் ராசாவாமே! போடட்டும், போடட்டும். ராசா என்ன, சக்கரவர்த்தி வேசம் போடட்டும்!"

ஒழுங்கை முழுக்க அப்போது வெளியே நின்றது. எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு லொறி பின்பக்கமாக உள்ளே வந்தது. பந்தல்காரத் தவராசா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கினார்.

"எங்கை இறக்கிறது? எத்தினை மணிக்கு எடுக்கினம்?"

"என்னத்தை?" என்றார் நடராசா.

அடுத்த ஒழுங்கையில் என் குரலைக் கேட்ட உடனே, மற்றப் பந்தல்காரன் முந்திவிடுவான் என்று, நூற்றிமுப்பது கதிரையை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். விசயத்தைச் சொன்னபோது அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை.

"இருபது வருசமா உன்ரை குரலை நம்பித் தொழில் செய்யிறன். இனி நான் ஆரை நம்புறது?"

நல்ல சுகத்தோடு இருக்கும்

திரும்பி வரும் வழியில் தர்சினியிடம் வேறு ஆளைப் பார்க்கச் சொன்னேன்.

"வேறை ஆளோ?" என்றாள். "காலமையிலை இருந்து ஒரு ஒழுங்கை வெளியிலை வந்தது இப்பதான் ஐயா. எல்லாப் பிள்ளையளுக்கும் இப்பிடிச் சொல்லுங்கோ. தாய் தேப்பன், மாமன் மாமி, ஒருத்தரையும் விடாதேங்கோ."

"ஆராவது நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்தால்?"

செல்வம் ஓட்டோவை ஓரம்கட்டினான். "முன்னுக்கு ஒரு சொல்லுப் போடுங்கோ அண்ணை. ஆள் உயிரோடை எண்டு முதலே சொல்லிப்போட்டால் சரிதானே?"

அடுத்த மூன்று நாளும் வலிகாமத்து ஊர்கள் கேட்ட அறிவித்தல் இப்படித்தான் தொடங்கியது: "நல்ல சுகத்தோடும் பலத்தோடும் இருக்கும்..." இருபத்திரண்டு பிள்ளைகள். அன்றைக்கு இருந்த எல்லாக் கொப்பியிலும் தேடினேன். இல்லாத குடும்பத்துக்கு வீடுவீடாகப் போய் விசாரித்தேன். சனம் சிரித்துக்கொண்டு படலைக்கு வந்தது. சுன்னாகத்தில் ஒரு தாய் ஓட்டோவை மறித்தாள்.

"என்ரை மோன்ரை பேர் எங்கை?"

"அவர் நடிக்கேல்லையே அம்மா."

"லைற் பிடிக்கிறான். லைற் இல்லாட்டி உங்கடை ராசா இருட்டுக்கையோ நிக்கிறது?"

சேர்த்தேன். அவனோடு அவனுடைய இரண்டு சிற்றப்பாமாரையும் சேர்த்தேன். மருமகன் கதை இன்னொருமுறை நடக்க நான் விடமாட்டேன்.

வெள்ளிக்கிழமை

கம்பஸ் வாசலில் சனத்துக்குள் ஒளிந்துகொண்டு போகப் பார்த்தேன். காவலாளி கண்டுவிட்டார்.

"நில்லுங்கோ!"

சரி, வந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு இங்கிலிஸ் சொல்லும் நினைவில் வரவில்லை.

"மைக் அண்ணை எல்லோ? போங்கோ, போங்கோ. உங்கடை அறிவித்தலைக் கேட்டுத்தான் நானும் மனுசியைக் கூட்டியந்தனான். அவவின்ரை பெறாமகள், மகள் முறை, ஆடுறா. சின்னத்தம்பி வழி."

இவ்வளவுதான் அந்த வாசல். கால் வைத்தால் உள்ளே.

முற்றத்தில் வேப்பமரங்கள். கதிரைகளின் மேல் விழுந்த பூவைத் தட்டிவிட்டுச் சனம் இருந்தது. நான்கு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்க முன்னூறும் நிரம்பிவிட்டது. பிறகும் வருகிறார்கள். வயது போனவர்கள் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தர்சினி ஓடிவந்தாள். முகத்தில் பயம், ஆனால் இது வேறு பயம்.

"ஐயா, கதிரை காணாது!"

தவராசாவுக்குப் போன் போட்டேன்.

"இந்த முறை ஆர்?" என்றார் வறண்ட குரலில்.

"ஒருத்தரும் இல்லை அண்ணை. சனம் நிண்டுகொண்டு நிக்குது. கதிரை வேணும்."

"உயிரோடை இருக்கிற சனமோ?"

"ஓமண்ணை."

இருபது நிமிடத்தில் அதே நூற்றிமுப்பது கதிரையும் வந்து இறங்கின. தவராசாவும் கடைசிக் கதிரையைத் தனக்குப் போட்டுக்கொண்டார். மேலிடத்து ஆள் ஒருவர் சுவரோரம் நின்று தலைகளை எண்ணப் பார்த்து, பாதியில் கைவிட்டுவிட்டுத் தர்சினியிடம் ஏதோ சொன்னார். அவள் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். மற்ற இரண்டு மாலைக்கும் கேற் திறந்திருக்கும்.

ராசா வருவதற்கு முன் மைக்கை என் கையில் தந்துவிட்டார்கள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். முன்வரிசையில் நடராசா வெள்ளை வேட்டியோடு, பக்கத்தில் ராசேஸ்வரி, பின்னால் மில் ஒழுங்கை முழுவதும்.

"நல்ல சுகத்தோடும் பலத்தோடும் இருக்கும்..." முற்றம் சிரித்து அடங்கியது. "காலஞ்சென்ற மில்காரர் சின்னத்தம்பி அவர்களின் பாசமிகு பேத்தியும், நடராசா, ராசேஸ்வரி தம்பதிகளின் அன்பு மகளுமாகிய... செல்வி நிலானி அவர்கள்..."

நிறுத்தினேன். மூன்று மூச்சு.

இருபது வருடமாக அந்த மூன்று மூச்சிலும் நான் கேட்டது அமைதி. அன்றைக்கு முதல் மூச்சிலேயே விசில் கிளம்பியது. இரண்டாவதில் கைதட்டல். மூன்றாவதில் நடராசா கதிரையில் ஏறி நின்றுவிட்டார். மத்தளம் விழுந்தது, முழு மீசையோடு ராசா வந்தாள். நான் சொல்ல வைத்திருந்த மிச்சத்தை ஒருவரும் கேட்கவில்லை.

கணக்கு

கதிரை வாடகையைப் பிள்ளைகள் சேர்த்துக்கொண்டு போய்க் கொடுத்தார்கள். தவராசா வாங்கவில்லை. "என்னைக் கூப்பிட்டது உவன்ரை குரல். உவன்தான் தரவேணும்" என்று என்னைக் காட்டினாராம்.

நான் காசோடு போனேன். அதையும் வாங்கவில்லை. நூற்றிமுப்பது கதிரை, ஒன்று முப்பது ரூபாய்ப்படி தன் கொப்பியில் எழுதியதை எனக்குக் காட்டினார். "கிடக்கட்டும் குணம். உன்ரை வீட்டுக்கும் ஒருநாளைக்குக் கதிரை இறக்கத்தானே வேணும். அப்ப ஒண்டாச் சேர்த்து எடுக்கிறன்."

அன்று இரவும் எனக்கு நித்திரை இல்லை. யாருக்கும் ஒரு சதம் கடன் வைத்தவன் இல்லை நான். விடிந்ததும் காசை மடித்து எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். பவளம் படலையில் மறித்தாள்.

"அந்தாளுக்கு இப்ப குடுத்துப்போட்டால், உங்கடை கணக்கை முடிச்சு வைச்சிருக்கும். முடியாத கணக்குக்கு ஆரப்பா கதிரை இறக்குவினம்? பேசாமல் உள்ளுக்கு வாங்கோ."

யோசித்துப் பார்த்தேன். என் வாழ்க்கையில் கவலைப்படாமல் வைத்திருக்கிற ஒரே விசயம் இதுதான். ஒவ்வொரு பங்குனியும் கம்பஸ் முற்றத்தில் தவராசா என்னைக் கண்டு கொப்பியைத் தட்டிக்காட்டுவார். நானும் தலையாட்டுவேன். இந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் நடக்கும். அவருக்கு நான் இன்னும் கொடுக்கவேண்டியது மூவாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்.